அசைவில் விளையும் அமைதி

'ஓய்வு' என்றதும் அசைவற்றிருத்தலையே நாம் எண்ணுகின்றோம். அசைந்துகொண்டே ஓய்வெய்தும் வழியொன்றும் உண்டு. சீன நாட்டுத் 'தாய் சி சுவான்' கலையே அது. 'சுவான்' என்பதற்கு முட்டி என்பது பொருள். போர்க்கலையாகத் தோன்றியது என்பதற்குப் பெயரே சான்று. 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்துச் சென் குடியினரிடையே உருப்பெற்ற இக்கலை, 1956இல் 24 நிலைகளாகச் சுருக்கப்பட்டுப் பொதுமக்கள் பயிற்சியாயிற்று. 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

பயிற்சியின் இயல்பு

முழங்கால்கள் சற்றே மடங்கியிருக்க, உடலின் எடை ஒரு காலினின்று மறுகாலுக்கு மெல்ல மாறுகின்றது. கைகள் நீரில் அளைவன போல நகர்கின்றன, மூச்சு நீள்கின்றது. எடை எக்காலில் உள்ளது, அடுத்த நிலை யாது என மனம் இடையறாது நோக்குதல் வேண்டும். அந்நோக்கில் பிற கவலைகள் ஒதுங்குகின்றன. எனவே இவ்வோய்வு உறக்கம் அன்று. விழிப்பின் ஒருவகையே ஆகும்.

மூளையில் நிகழ்வது

மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். விழித்திருந்தே கண்மூடி அமைதியுறுங்கால், நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் 'ஆல்ஃபா' அலைகள் மிகும். தாய் சியோடு ஒத்த பயிற்சிகளுக்குப்பின், அவற்றினும் மெதுவான 'தீட்டா' அலைகள் மிகுந்தமையைச் சிற்றாய்வுகள் சில கண்டுள்ளன. நீண்ட மூச்சு 'வேகஸ்' நரம்பின் வழியே இதயத் துடிப்பைத் தணிக்கின்றது.

2012இல் வெளியான ஷாங்காய் ஆய்வு குறிப்பிடத்தக்கது. முதியோர் 120 பேர் நான்கு குழுவினராயினர். ஒரு குழு தாய் சி பயின்றது, மற்றொன்று நடந்தது, வேறொன்று கூடி உரையாடியது, எஞ்சியது வழக்கம்போல் இருந்தது. 40 வாரங்களுக்குப்பின் எடுத்த படங்களில், வழக்கம்போல் இருந்தோரை நோக்கத் தாய் சி பயின்றோரின் மூளைக் கனஅளவு மிகுந்திருந்தது. உரையாடியோரிடமும் அவ்வாறே மிகுந்தமை வியப்புக்குரியது. நடந்தோரிடம் அத்தகு மிகுதி காணப்படவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

ஓர் ஆய்வால் முடிவு கட்டுதல் பொருந்தாது. இது மருந்துக்கு மாற்றும் அன்று. மூட்டு நோயுடையோர் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்குதல் நலம். ஆயினும், உடலசைவோடு கவனமும், கவனத்தோடு கூட்டுறவும் முதுமைக்கு வேண்டும் என இவ்வாய்வினின்று கருத இடமுண்டு. இல்லத்து முதியோரை 'ஓய்வெடுங்கள்' எனத் தனியறையில் அமர்த்திவிட்டு அகலும் நாம், அவ்வோய்வு அவர்தம் மூளைக்கு நலந்தானா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவர்களே! நாளும் சிறுபொழுது அவர்களுடன் அமர்ந்து உரையாடுதற்குப் பயிற்சியும் வேண்டுவதில்லை.