வாசலில் கிடக்கும் மீன் செதில்



ஒரு வீட்டுக்குள்ள போகாமலே அங்கே இன்னிக்கு என்ன குழம்புன்னு சொல்ல முடியுமா? முடியும். வாசலில் மீன் செதில் கிடந்தால் போதும்! நம் உடம்பில் சுற்றும் டி-செல் என்ற வெள்ளை அணுக்களும் இப்படித்தான் துப்பறிகின்றன. வைரஸ் செல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும். டி-செல்லால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பின்னே எப்படிக் கண்டுபிடிக்குது?

செல் தன்னிடம் உள்ள புரதங்களை ஓயாமல் துண்டு போடுகிறது. அந்த அரிவாள்மனையின் பெயர் புரோட்டியாசோம். துண்டுகளை எண்டோபிளாச வலைக்குள் தூக்கிப்போகும் சுமைக்காரர் 'டாப்' என்ற புரதம். அங்கே எச்.எல்.ஏ. புரதம் தட்டு மாதிரி காத்திருக்கும். சுமார் 8 முதல் 10 அமினோ அமிலம் உள்ள துண்டு அதில் பொருந்தியதும், தட்டு செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். (சிவப்பணுவுக்கு மட்டும் இந்த வேலை கிடையாது.) நம் சொந்தப் புரதத் துண்டு என்றால் டி-செல் பேசாமல் போய்விடும். வைரஸ் துண்டு என்றால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். டி-செல் வைரஸைத் தட்டோடு சேர்த்துத்தான் அடையாளம் காண்கிறது என்பதை எலிகளில் காட்டிய டோஹர்ட்டி, சிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் சும்மா இருக்குமா? காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் வருமே, அந்த ஹெர்பிஸ் வைரஸ் ஐ.சி.பி.47 என்ற புரதத்தால் டாப்பின் கையைக் கட்டிவிடுகிறது. வாசலில் செதிலே இல்லை! ஆனால் உடம்பு அதைவிடக் கெட்டி. இயற்கைக் கொல்லி செல் என்று ஒன்று உண்டு. அதற்குக் காலி வாசல்தான் சந்தேகம்.

டாப், எச்.எல்.ஏ. ஜீன்கள் 6-வது குரோமோசோமில் அடுத்தடுத்து உள்ளன. எச்.எல்.ஏ.வில் மட்டும் ஆயிரக்கணக்கான வகைகள். எல்லோருக்கும் ஒரே தட்டு என்றால், அதில் பொருந்தாத ஒரு வைரஸ் வந்தாலே ஊரே காலி.

இதுவே இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றும்போது பெரிய சங்கடமாகிறது. தட்டு வேறாக இருந்தால் புது மஜ்ஜையின் டி-செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும். அப்பாவிடம் ஒரு தொகுதி, அம்மாவிடம் ஒரு தொகுதி வருவதால், கூடப்பிறந்தவரோடு முழுதும் பொருந்த வாய்ப்பு 4-ல் 1 தான். பாதிப் பொருத்தத்திலும் இப்போது செய்கிறார்கள், என்றாலும் முதலில் தேடுவது முழுப் பொருத்தத்தைத்தான். நானும் என் தம்பியும் எதிலுமே ஒத்துப்போனதில்லை. இதில் எப்படியோ!

— 12-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு