குதிகால் வலிக்கு எளிய பயிற்சி

ஏலாக்குறிச்சிக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ச்சை வைத்து, நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியிலிருந்து நடந்தே செல்வோர் உண்டு. திரும்பி வந்தபின், சிலருக்குக் காலையில் முதல் அடி வைத்ததுமே குதிகால் ஊசியாய்க் குத்தும்.

குதியெலும்பிலிருந்து விரல்கள் வரை வில்லின் நாண் போலச் செல்லும் தசைநார் இரவில் இறுகி, எழுந்தவுடன் சட்டென இழுபடுவதால் வருவது இது. ஆகவே பாயை விட்டு எழுமுன்பே பயிற்சி செய்ய வேண்டும். உட்கார்ந்து, வலிக்கும் காலை மறுதொடைமேல் வைத்து, விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பிடித்து 10 எண்ணுவோம். உள்ளங்காலைத் தொட்டால் நாண் விறைத்திருப்பது தெரியும். இவ்வாறு 10 முறை, நாளுக்கு 3 வேளை. பிறகு சுவரில் கையூன்றி, பின்காலின் குதி தரையை விட்டு எழாமல் முன்னே சாய்ந்தால் கெண்டைக்காலும் தளரும்.

சிமென்ட் தரையில் வெறுங்காலுடன் நெடுநேரம் நின்று சமைக்கும் நம் அம்மாக்களுக்கும் இது ஏற்றது. அவர்களை உட்கார வைப்பதுதான் கடினம்! பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தால் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.