சிறுநீர் கட்டுப்படாதவரின் தொழுகையும் நமது கடமையும்



இன்று நாம் பேசப் போகும் விஷயத்தை மிம்பரில் பேசுவதற்கே பலர் கூச்சப்படுவார்கள். ஆனால் நாம் பேசாமல் இருப்பதால் எத்தனையோ பேர் தொழுகையை விட்டுவிட்டு வீட்டில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். நாற்பது வருடம் முதல் ஸஃப்பில் நின்று தொழுதவர் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். முழங்கால் வலி என்று சொல்லுகிறார். உண்மையில் அவருக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை. இரவும் பகலும் டயப்பர் அணிகிறார். "இந்த நிலையில் நான் எப்படி அல்லாஹ்வின் வீட்டுக்கு வருவேன்?" என்பதுதான் அவருடைய மனதில் இருக்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மார்க்கம் என்ன பதில் சொல்லுகிறது என்று பார்ப்போம்.

நோய் குற்றமல்ல

சிறுநீர் விஷயத்தில் பேணுதல் இல்லாதவருக்குக் கப்ரில் வேதனை உண்டு என்ற ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இந்த நோய் உள்ளவர்கள் அதை நினைத்து நடுங்குகிறார்கள். சகோதரர்களே, அந்த எச்சரிக்கை சுத்தம் செய்ய முடிந்தும் அலட்சியமாக விட்டவருக்கு உரியது. தன் கட்டுப்பாட்டை மீறி வெளியேறும் ஒன்றுக்காக அல்லாஹ் யாரையும் பிடிப்பதில்லை. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அவன் சிரமப்படுத்துவதில்லை என்பதை அல்பகரா அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் ஓதுகிறோம். உளூவைக் கடமையாக்கிய அல்மாயிதாவின் 6வது வசனமும், உங்களைக் கஷ்டப்படுத்துவது அல்லாஹ்வின் நாட்டமல்ல என்ற கருத்தோடுதான் முடிகிறது.

ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நாம் அறிவோம். வஹீயை எழுதியவர், அபூபக்ர் (ரலி) காலத்தில் குர்ஆனைத் திரட்டும் பொறுப்பை ஏற்றவர். முதுமையில் அவர்களுக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் போனது. முடிந்தவரை அதற்கு மருத்துவம் பார்த்தார்கள். அதையும் மீறியபோது உளூச் செய்துவிட்டுத் தொழுதார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. குர்ஆனைத் திரட்டிய அந்த மாபெரும் ஸஹாபிக்கு வந்த நோய்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது. இதில் கேவலம் எங்கே இருக்கிறது?

நபி (ஸல்) காட்டிய வழி

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணிக்கு இரத்தப்போக்கு நிற்கவே இல்லை. தொழுகையை விட்டுவிடலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். வழக்கமான மாதவிடாய் நாட்களில் மட்டும் விட்டுவிட்டு, மற்ற நாட்களில் தொழும்படி நபியவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்யும்படியும் புகாரியில் வருகிறது. ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ தமக்குப் போக்கு மிக அதிகம் என்று முறையிட்டார்கள். பஞ்சை வைக்கும்படியும், அது போதாது என்றபோது துணியைக் கட்டிக்கொள்ளும்படியும் நபியவர்கள் வழிகாட்டியதை அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கிறோம். இன்றைய டயப்பரும் பேடும் செய்வது அந்தப் பஞ்சும் துணியும் செய்த வேலையைத்தான்.

பள்ளிக்கு வரலாமா என்று கேட்கிறீர்களா? நபியவர்களுடைய மனைவியரில் ஒருவர் தொடர் இரத்தப்போக்கு இருந்த நிலையில் நபியவர்களோடு மஸ்ஜிதில் இஃதிகாஃப் இருந்தார்கள். சில வேளைகளில் கீழே ஒரு தட்டு வைக்கப்பட்டது. இதுவும் புகாரியில் உள்ளது. பள்ளி அசுத்தமாகாது என்ற பாதுகாப்பு இருந்தால் வரலாம். நல்ல டயப்பர் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

சட்டம் என்ன?

இப்படிப்பட்டவரை ஃபிக்ஹில் மஃதூர், அதாவது தங்கடம் உள்ளவர் என்கிறோம்.

ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகையின் முழு நேரத்திலும் உளூச் செய்து பர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காமல் கசிந்தால் அவர் மஃதூர் ஆகிறார். அதன்பின் ஒவ்வொரு வக்திலும் ஒரு முறையாவது கசிவு இருக்கும்வரை அதே சட்டம் நீடிக்கும். ஒரு வக்துக்கு ஒரு உளூ. அந்த உளூவால் அந்த நேரத்தில் பர்ளு, சுன்னத், நஃபில் எல்லாம் தொழலாம். நேரம் முடிந்தால் உளூ முடிந்துவிடும்.

ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, டயப்பரை மாற்றி, உடனே உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். பள்ளிக்கு நடந்து வருவதும், ஜமாஅத்துக்காகக் காத்திருப்பதும் தாமதமாகக் கணக்கிடப்படாது. ஒவ்வொரு பர்ளுக்கும் தனி உளூ. நஃபில்களை விரும்பிய அளவு தொழலாம். நிய்யத்தில், தொழுகையை ஆகுமாக்கிக்கொள்வதற்காக உளூச் செய்கிறேன் என்று நினைக்க வேண்டும்.

இரண்டு மத்ஹபுகளிலும், காற்றுப் பிரிதல் போன்ற வேறு காரணம் ஏற்பட்டால் உளூ முறியும். உளூச் செய்து தொழுதுகொண்டிருக்கும்போது சிறுநீர் கசிந்தால் தொழுகை முறியாது. நின்றால் கசிந்து, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் உட்கார்ந்தே தொழலாம்.

சிலர் ஒவ்வொரு கசிவுக்கும் குளிக்கிறார்கள். சிறுநீர் வெளியேறுவதால் குளிப்பு கடமையாகாது. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். தொழுகைக்கென்று ஒரு கைலியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் அணிந்த டயப்பரை சுப்ஹுக்கு எழுந்ததும் மாற்றிவிட்டு உளூச் செய்யுங்கள். படுக்கையில் இருப்பவர், மாற்றிவிட ஆளில்லாதவர், சிறுநீர்க் குழாயும் பையும் பொருத்தப்பட்டவர் ஆகியோர் தம் நிலையைச் சொல்லி உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேளுங்கள். சட்டம் தெரியவில்லை என்பதற்காகத் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

வெறும் சந்தேகத்தை நோயோடு சேர்த்துவிடவும் கூடாது. கசிந்ததோ என்ற எண்ணம் மட்டும் வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது மார்க்கத்தின் விதி.

மருத்துவம் பாருங்கள்

முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபியவர்களின் போதனை. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் தளர்வது, நீண்டகாலச் சர்க்கரை நோய், பக்கவாதம், முதுகெலும்புக் காயம் என்று இதற்குக் காரணங்கள் பல. இவற்றில் பலவற்றை மருந்தால், பயிற்சியால், அறுவை சிகிச்சையால் குறைக்க முடியும். இருமும்போதும் தும்மும்போதும் கசியும் பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி நல்ல பலன் தருகிறது. மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவும் வேண்டாம். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் கிருமித் தொற்றும் வரும். ஈர டயப்பரை வெகுநேரம் விட்டால் தோல் புண்ணாகும்; படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப்புண்ணுக்கும் அது வழி.

பிள்ளைகளே, ஜமாஅத்தார்களே!

பெற்றோரிடம் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23வது வசனம் தடுக்கிறது. இமாம் முஜாஹித் (ரஹ்) அதற்கு விளக்கம் தரும்போது, முதுமையில் அவர்கள் மலஜலம் கழிக்கும் நிலைக்கு வந்தாலும் அருவருப்படையாதே, நீ சிறியவனாக இருந்தபோது அவர்கள் உனக்குச் சுத்தம் செய்தார்களே என்ற கருத்தைச் சொன்னார்கள். வாப்பாவுக்கு டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். ஒரு போர்வையால் மூடிக்கொண்டு தேவையான அளவு மட்டும் விலக்குங்கள், கையுறை அணியுங்கள். கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும் செய்வதே முதலில் ஏற்றது. பேரப்பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசாதீர்கள். அவர்கள் இழந்தது சிறுநீர்க் கட்டுப்பாட்டை மட்டும்தான், மானத்தை அல்ல.

ஒரு கிராமவாசி மஸ்ஜிதுந் நபவிக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். மக்கள் அதட்டியபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் முடிக்கும்வரை விடச் சொல்லி, பிறகு ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் செய்தார்கள். அறியாமல் செய்தவரிடமே அந்த நிதானம் என்றால், நோயாளியிடம் நாம் எப்படி நடக்க வேண்டும்?

நம் பள்ளிகளில் ஒன்றைச் செய்யலாம். ஒரு கழிவறையையாவது உட்காரும் வசதியோடு அமைத்து, அதில் மூடியுள்ள குப்பைத் தொட்டியும், துணி மாட்ட ஒரு கொக்கியும், கைப்பிடியும் வைத்தால் போதும். வாசலுக்கு அருகே இரண்டு நாற்காலிகள் போடுங்கள். கடைசி ஸஃப்பில் உட்காருபவரை ஏன் என்று கேட்காதீர்கள். வாடையையோ கசிவையோ எவ்வளவு முயன்றும் தடுக்க முடியாதவருக்கு ஜமாஅத்திலும் ஜும்ஆவிலும் சலுகை உண்டு. அவர் வீட்டில் ளுஹர் தொழுதுகொள்வார். ஆனால் வர முடிந்தவரை நம் பார்வையாலும் பேச்சாலும் நாம் தடுத்துவிடக் கூடாது.

இதைப் படிக்கும் நீங்களே அந்த நிலையில் இருந்தால், இன்றைய அஸரிலிருந்து தொடங்குங்கள். மாற்றுங்கள், உளூச் செய்யுங்கள், தக்பீர் கட்டுங்கள். விட்டுப்போன தொழுகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களாச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்களில் நோயுற்றோருக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுடைய தொழுகையைக் கபூல் செய்வாயாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.