காலையில் கூட்டைத் திறக்கும்போது கோழியின் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள்



தருவைகுளம் பக்கத்து ஊர் ஒன்றில் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சந்தா வசூலித்து முடித்து, தீர்மான நோட்டை எடுக்கும் நேரம். ஒரு உறுப்பினர் ஓலைப்பெட்டியில் ஒரு பெட்டைக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலது பக்கம் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி.

"எக்கா, இது கழிச்சல்தான். சாகுறதுக்குள்ள குழம்பு வச்சிரு" என்றார் ஒருவர். "பிளேடு வச்சுக் கீறி எடுத்துட்டு ஊசி நூல் போட்டுத் தச்சிரலாம், எங்க மாமியார் அப்படித்தான் செய்வாங்க" என்றார் இன்னொருவர். கோழிக்குச் சொந்தக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. குழுவில் உள்கடன் வாங்கி வாங்கிய கோழிகளில் அது ஒன்று. கடனில் பாதி தவணை இன்னும் பாக்கி.

நாங்களும் அந்த இடத்தில் முழித்துக்கொண்டுதான் நின்றோம். சமூகப்பணிப் படிப்பில் கோழி வைத்தியம் கிடையாது. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் அந்தக் கட்டியைப் பிசைந்து பார்த்தார், பிறகு மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி உள்ளே இருந்ததை எடுத்தார். காய்ந்த புல், பனைநார், இவற்றைச் சுற்றிப் பந்தாகச் சிக்கிய தங்கூசி வலை நூல். அந்தக் கோழிக்குக் கழிச்சல் இல்லை. தைத்து அனுப்பினார். பிழைத்துக்கொண்டது.

அதற்கு அடுத்த வாரமே வேறு ஊரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒரு கோழிக்கு நெஞ்சு உப்பியிருக்கிறது, நூல்தான் அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றி, மற்ற கோழிகளோடேயே விட்டிருந்தார்கள். அதுதான் உண்மையான வெள்ளைக்கழிச்சல். ஒன்பது கோழியில் ஏழு நான்கு நாளில் போய்விட்டன. வெளியே தெரிந்த அடையாளம் ஒன்று, உள்ளே இருந்த காரணம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்க நம்மால் முடியும், அதற்குக் கைதான் வேண்டும்.

தீனிப்பை என்பது என்ன?

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதை அப்படியே விழுங்கி நெஞ்சில் உள்ள ஒரு பையில் சேர்த்து வைக்கும். இதுதான் தீனிப்பை. அங்கே இரை ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அரைவைப்பைக்குப் போகும். கோழி விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்கள்தான் அங்கே அம்மிக்கல் வேலை செய்கின்றன. சாயங்காலம் அடையும்போது தீனிப்பை புடைத்திருப்பது நல்லது, வயிறு நிறையத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். விடியும்போது அது காலியாகி, தட்டையாக இருக்க வேண்டும்.

ஆகவே பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. கூட்டைத் திறந்துவிடும் முன், இரை போடும் முன், சந்தேகப்படும் கோழியைப் பிடித்து நெஞ்சைத் தடவுங்கள். சாயங்காலம் பார்த்தால் நல்ல கோழியும் நோய்க்கோழி போலத் தெரியும்.

கைக்குத் தெரிவது

காலையிலும் பை கெட்டியாக, பிசைந்த மாவு உருண்டை போல இருந்தால் அடைப்பு. நம் கடற்கரை ஊர்களில் இதற்குக் காரணம் வாசலிலேயே கிடக்கிறது. வலை பின்னும் இடத்தில் விழுகிற நூல் துண்டு, பனைநார், நீளமான காய்ந்த புல், பாலித்தீன் கிழிசல். கோழிக்குப் புழு எது நூல் எது என்று தெரியாது.

அடைப்பு லேசாக இருந்தால் வீட்டில் முயன்று பார்க்கலாம். கோழியைப் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து, ஒரு நாள் இரை கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வையுங்கள். நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் 2 அல்லது 3 மி.லி., ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்க விழுங்கக் கொடுங்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. மடமடவென்று ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். பிறகு பையை விரல்களால் மெதுவாகப் பிசையுங்கள், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. இளகினால் குழைந்த சோறு கொஞ்சமாகக் கொடுத்துத் தொடங்குங்கள். மறுநாள் காலையும் கெட்டியாகவே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். வாயில் நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், உள்ளே அறுத்துவிடும். பிளேடு வேலையும் வேண்டாம். தீனிப்பை, தோல் இரண்டையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும், சுத்தமில்லாத பிளேடில் சீழ் வைத்துவிடும்.

பை மெத்தென்று, தண்ணீர் நிரப்பிய பலூன் போல ஆடினால், அதோடு வாயைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்தால், அது தீனிப்பை புளிப்பு. ஒரு வகைப் பூஞ்சை உள்ளே பெருகுவதால் வருகிறது. சில கோழிகளுக்கு வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். ஊசிப்போன சோறு, பூசணம் பிடித்த தானியம், அழுக்குத் தண்ணீர் இவற்றால் வரும், அடைப்பு நாள்பட்டாலும் வரும். இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்குகிறோம். மெடிக்கல் கடையில் மனிதருக்கு விற்கும் காப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்குகிறோம் அல்லவா, அது நல்ல கிருமிகளையும் கொன்று பூஞ்சைக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. பூஞ்சைக்கு மருந்து வேறு, அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். மோர் கொடுப்பவர்கள் உண்டு. கொஞ்சமாகக் கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதையே நம்பி நாலு நாள் கடத்தாதீர்கள். மயில்துத்தம் கலக்கச் சொல்பவர்களும் உண்டு. அளவு தப்பினால் அதுவே விஷம்.

கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீரை வெளியே பிதுக்குவது பல ஊர்களில் பழக்கம். வெளியே வருகிற தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிக் கோழி நம் கையிலேயே செத்துவிடும். தயவுசெய்து விடுங்கள்.

உப்பளம், கருவாட்டுக் களம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கருவாட்டுக் கழிவை நிறையத் தின்ற கோழிக்குத் தாகம் அடங்காது. தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பை தளும்பும், தண்ணீராகக் கழியும், கால் தள்ளாடும். இது உப்பு விஷம். உடனே அந்த இரையை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரை ஒரேயடியாக வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். எந்த நாளிலும் கோழிக்கு நல்ல தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வயதான கோழிக்குப் பை தொய்ந்து நிரந்தரமாகத் தொங்குவதும் உண்டு. அதற்கு மருந்து இல்லை. இரையைக் குறைத்துப் பலதடவையாகக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கழிச்சல் என்றால்

வெள்ளைக்கழிச்சலிலும் இரை செரிக்காமல் தீனிப்பை தண்ணீராகத் தேங்கி நிற்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். நெஞ்சை மட்டும் பார்க்காமல் கூட்டையும் பாருங்கள். ஒரே கோழிக்கு மட்டும் என்றால் அடைப்பாகவோ புளிப்பாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கி விழுந்தால், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கழுத்து முறுக்கிக்கொண்டால் கழிச்சல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எது என்று தெரியாத முதல் நாளில் எந்தக் கோழியாக இருந்தாலும் தனியே பிரித்துவிடுங்கள். எண்ணெய் பிறகு.

கழிச்சல் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கால்நடை மருந்தகத்தில் ஊசி போடும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வண்டி வர வேண்டுமென்றால் 1962 எண்ணுக்குப் பேசலாம். பல கோழிகள் திடீரென்று செத்தால் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். குழம்பு வைக்கவும் வேண்டாம், கடலில் வீசவும் வேண்டாம். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

சிப்பியைப் பற்றி ஒரு கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை, ஆனாலும் நம் கடற்கரையில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. பொடித்துப் போட்டால் முட்டை ஓடு கெட்டிப்படும், நல்லதுதான். ஆனால் சிப்பி வயிற்றில் கரைந்துவிடும், அரைக்கிற வேலைக்கு நிற்காது. அதற்குக் கரையாத குருமணல், சிறு கல் வேண்டும். அடைத்து வளர்ப்பவர்கள் ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள்.

வலை பின்னும் வீடுகளில் நூல் துண்டுகளைப் போட ஒரு சாக்கு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அந்த ஓலைப்பெட்டிக் கோழியின் ஊரில். ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் யார் யாரிடம் எத்தனை கோழி, அதில் எத்தனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஊர் வாரியாகச் சேர்த்து, முகாம் கேட்டு மருந்தகத்தில் மனு கொடுப்போம்.