பனி பிடித்து வைத்திருந்த கடல்

நம்பிக்கை: முன்னொரு காலத்தில் இலங்கையோடு ஒட்டியிருந்த நிலத்தைக் கடல் ஒரே இரவில் பொங்கி விழுங்கிவிட்டது.

உண்மை: 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராக நமது கிழக்குக் கரையைப் புரட்டிய சுனாமியைக் கண்ட மக்களுக்கு, கடல் நிலத்தைக் கொள்வதென்றால் அப்படித்தான் கொள்ளும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அலை வேறு, மட்டம் வேறு. அன்று ஏறிய நீர் சில மணி நேரத்தில் வடிந்தது. கடல் பழைய மட்டத்திலேயே நின்றது. இலங்கையை இந்தியாவிலிருந்து பிரித்ததோ, பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல ஏறிய மட்டம். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, வட அமெரிக்காவின் வடபாதியையும் வட ஐரோப்பாவையும் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிப்படலங்கள் மூடியிருந்தன. அத்தனையும் கடலிலிருந்து போன நீர். ஆவியாகி எழுந்து, பனியாய் விழுந்து, ஆறாகத் திரும்பி ஓடாமல் தரையிலேயே உறைந்துவிட்டது. அதனால் உலகக் கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே கிடந்தது. பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடலோ பெரும்பாலும் 15 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. அன்று மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கால் நனையாமல் நடந்திருக்கலாம். கிழக்கில் அப்படிப் பரந்த நிலம் வெளிப்படவில்லை. நமது கரைக்கு அப்பால் ஆழம் குறைந்த கடலடி ஒடுங்கியது, அதன் பின் சட்டென்று ஆழம். கடல் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இறங்கியது. எவ்வளவு நிலம் தெரிந்தது என்பதைக் கடலடியின் சரிவு தீர்மானித்தது.

அந்த 120 மீற்றரை யார் அளந்தார்கள் என்று கேட்பது நியாயமே. கடலே அளந்து வைத்திருக்கிறது. பார்படோஸ் தீவின் அருகே, வெளிச்சம் நிறைந்த மேல்நீரில் மட்டும் வளரும் ஒருவகைப் பவளத்தின் எச்சங்களை 100 மீற்றருக்கும் கீழே துளையிட்டு எடுத்து வயது கணித்தார்கள். இரண்டாவது சாட்சி கடலடிச் சேற்றில் புதைந்திருக்கும் நுண்ணுயிர் ஓடுகள். பாரம் குறைந்த ஒட்சிசன் கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். அது பனியில் சிறைப்பட்டால், பாரமான ஒட்சிசன் கடலில் விகிதத்தில் கூடும். ஓடுகள் அந்த மாற்றத்தைத் தம்முள் பதித்துக்கொள்ளும். தொடர்பே இல்லாத இரு சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்கின்றன.

நம்பிக்கை: பனிக்கண்டம் எங்கோ தென்துருவத்தில், நமது வெப்பக் கடலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

உண்மை: நமது கடலின் மேல்நீர்தான் வெப்பம். வங்காள விரிகுடாவின் ஆழத்தில், மூவாயிரம் மீற்றருக்குக் கீழே, நீர் 2 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்திருக்கிறது. அந்தக் குளிர் தென்துருவப் பக்கத்திலிருந்து கடலடி வழியாக ஊர்ந்து வந்தது. சுமார் 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் உலகின் ஆழ்கடல் 10 பாகைக்கும் மேல் வெதுவெதுப்பாக இருந்தது. வளியில் காபனீரொட்சைட்டு குறையக் குறையப் பூமி குளிர்ந்து, சுமார் 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்காவில் பெரும் பனிப்படலம் படர்ந்தது. கடல் மட்டம் பல பத்து மீற்றர் இறங்கியது. ஆழ்நீர் குளிர்ந்தது. சுண்ணாம்பு ஓடுகள் கரையாமல் தங்கும் எல்லைகூடக் கடலடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் கீழே போனது. பின்னைய பனியுக உச்சத்தில் நன்னீர் பனியாகப் போய்விட, மீந்த கடலில் உப்பு நூற்றுக்கு 3 பங்களவு கூடியது. ஆக, பனி வளர்ந்தபோது கடலின் உயரம், குளிர், உப்பு, அடிச்சேறு நான்கும் மாறின.

நம்பிக்கை: இன்று கரை அரிபடுவதெல்லாம் பனி உருகுவதால்தான்.

உண்மை: இங்கே நிதானம் வேண்டும். ஒலுவில் துறைமுகத்தின் வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கரை வெட்டுண்டதற்கு அண்மைக் காரணம் அலைதடுப்புச் சுவர்கள். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அவை மறித்தன. துறைமுக வாயில் மணலால் அடைபட, வடகரை மணலின்றி மெலிந்தது. அதைத் தூரத்துப் பனியின் தலையில் போட்டால் செய்ய வேண்டிய பரிகாரம் மறைந்துவிடும். அதேபோல, கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறுவது மிகச் சொற்பம். தரைமேல் கிடக்கும் பனியே கணக்கில் வரும். கிறீன்லாந்தில் உள்ளது முழுதும் உருகினால் சுமார் 7 மீற்றர். அந்தாட்டிக்காவில் உள்ளது சுமார் 58 மீற்றர்.

அப்படியானால் அஞ்ச என்ன இருக்கிறது, கடல் முன்பும் ஏறியதுதானே என்பார்கள். உண்மை, அன்று இன்றைவிட வேகமாகவே ஏறியது. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் 15 மீற்றரளவு உயர்ந்தது. அன்றைய மனிதர் வேட்டையாடி அலைந்தவர்கள். கடல் ஏற ஏறத் தள்ளிப் போனார்கள். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் மட்டம் இன்றைய அளவை அண்மித்து, பிறகு பெரிதாக மாறாமல் நின்றது. மணல்திட்டு அடைத்துக் களப்புகள் உருவானதும், களப்போரம் வயல் விளைந்ததும், கரைமணலில் கிணறு தோண்டி நன்னீர் எடுத்ததும், வீட்டோடு வீடு ஒட்டிய நம் ஊர்கள் எழுந்ததும் அந்த அமைதியின் மேல்தான். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர், அதாவது வேகமும் கூடுகிறது. கல்முனைக்குத் தள்ளிப் போக இடமில்லை: முன்னே கடல், பின்னே வயல். மறிபட்ட மணலை அள்ளி மறுபக்கம் போட்டால் ஒலுவில் கரையைத் தேற்றலாம். மட்டமே ஏறினால், மணலை அள்ளிப் போடுவது மட்டும் போதாது. இரண்டையும் பிரித்தறிந்தால்தான் எதை இங்கே கேட்பது, எதை உலகத்திடம் கேட்பது என்பது தெளியும்.