பாதம் அழுத்தும் முன்...

சென்னையில் கப்பல் ஏறினால் அந்தமானின் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) போய்ச் சேர ஏறக்குறைய 3 நாள். இறங்கி, அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவுக்கு (முன்பு ஹேவ்லாக்) போய், ராதாநகர் கடற்கரை மணலில் நடந்தால் கால் கடுக்கும். அங்கே சொகுசு விடுதிகளின் ஸ்பாக்களில் கிடைக்கிறது, பாதத்தை அழுத்தும் 'ரிஃப்ளெக்ஸாலஜி'.

பாதத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்பது இதன் நம்பிக்கை. 1930-களில் அமெரிக்காவின் யூனிஸ் இங்கம் இதற்கு வரைபடம் தந்தார். உடலின் இறுக்கம் தளரும், மனம் லேசாகும். நோய் தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

● வீட்டிலேயே செய்ய: வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் பாதத்தை வையுங்கள். துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் நோக்கி, பாதத்துக்கு 5 நிமிடம் அழுத்துங்கள்.

● சர்க்கரை நோயாளிகள் நீரின் சூட்டை முழங்கையால் சோதிக்கட்டும். பவளப்பாறைத் துண்டு கீறிய காலை அழுத்தவே வேண்டாம்.

● நெடும்பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அழுத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

● கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

வழக்கமான மாத்திரைகளை இதற்காக நிறுத்தாதீர்கள்.