கிளாக்கோமா அறுவையும் புண் ஆறுதலும்

அறுவைச் சிகிச்சையில் புண் விரைந்து ஆறுவதே வெற்றி எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்குச் செய்யப்படும் வடிகால் அறுவையில் நிலைமை நேர்மாறானது. கண்ணுள் சுரக்கும் நீர் வெளியேறுவதற்காக வெள்விழியில் ஒரு சிறு வழி திறக்கப்படுகிறது. 1968இல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிரபெக்குலெக்டமி என்னும் இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. அவ்வழி ஆறி மூடிக்கொண்டால் அழுத்தம் மீண்டும் உயரும்; இழந்த பார்வையோ திரும்புவதில்லை.

வழியை மூடச்செய்வது எது? கத்தி பட்ட திசுவில் இரத்தத் தட்டுகளும் அழற்சிச் செல்களும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றுள் முதன்மையானது உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டா. இதன் ஒரு வகை கண்ணின் உள்நீரிலேயே உள்ளது. வழிந்தோடும் நீரே தன் வழியை அடைக்கத் துணைபுரிகிறது எனலாம். தூண்டப்பட்ட நார்த்திசுச் செல்கள் பெருகி, கொல்லாஜனை உண்டாக்கி, தழும்பாகச் சுருங்குகின்றன.

இதனைத் தடுக்க மைட்டோமைசின், ஃபுளூரோயுராசில் ஆகிய புற்றுநோய் மருந்துகள் 1980களிலிருந்து பயன்பட்டு வருகின்றன. அளவு மிகுந்தால் திசு மெலிந்து நீர் கசியும், கிருமியும் நுழையும். மேற்கூறிய காரணியை மட்டுமே குறிவைத்த லெர்டெலிமுமாப் என்னும் எதிர்ப்பொருள் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் 2007இல் வெளியான சோதனை முடிவில் அது போலி மருந்தைவிட மேம்படவில்லை.

1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் கண்புரை அறுவைகளின் எண்ணிக்கையையே நெடுங்காலம் முதன்மை அளவுகோலாகக் கொண்டிருந்தது. கிளாக்கோமாவுக்கு அது பொருந்தாது. அறுவைக்குப் பின்வரும் வாரங்களில் தழும்பைக் கண்காணிக்கவும், தையலைத் தளர்த்தவும் நோயாளி பலமுறை வர வேண்டும். நாட்கூலியை இழந்து தொலைவிலிருந்து வருபவரின் பேருந்துக் கட்டணமும் அறுவைச் செலவிலேயே சேர்க்கத்தக்கது.